குரங்கும் குச்சியும்: பினாங்கில் வீட்டிலேயே இலக்கணம் கற்பிப்பது

கோயம்புத்தூரிலிருந்து பினாங்கு வந்து சில மாதங்களே ஆன சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார். கணவருக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை. பத்து வயது மகளுக்கு வீட்டிலேயே பாடம். வாங்கிய அமெரிக்கப் பாடத்திட்டத்தில் ஆங்கில வாக்கியங்களைக் கோடு போட்டுப் பிரித்து வரையச் சொல்கிறார்கள். அந்தப் பாடம் வந்தாலே மகள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளாம். இதைத் தொடர்வதா, விட்டுவிடுவதா? தமிழ் இலக்கணத்தையும் இதே கோடுகளை வைத்துச் சொல்லிக்கொடுக்கலாமா?

சகோதரி, விட்டுவிடாதீர்கள். ஆனால் ஆங்கிலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தமிழுக்கு வேறு வழி இருக்கிறது. அது நம்மிடம் பல நூற்றாண்டுகளாகவே இருக்கிறது. நான் இந்தத் தீவில்தான் என் மகனுக்கு இரண்டையும் வீட்டில் வைத்துக் கற்பித்தேன். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இந்தக் கோட்டு முறை அமெரிக்காவில் பரவக் காரணமானவர்கள் அலோன்சோ ரீட், பிரெய்னர்ட் கெல்லாக் என்ற இரண்டு ஆசிரியர்கள். 1877இல் அவர்கள் வெளியிட்ட இலக்கண நூலில் வந்த முறையைத்தான் உங்கள் பாடப்புத்தகமும் பின்பற்றுகிறது. நீளவாக்கில் ஒரு கோடு. அதில் எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே, அடிக்கோட்டையும் வெட்டிக்கொண்டு இறங்கும் ஒரு குத்துக்கோடு. வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவே, அடிக்கோட்டைத் தொட்டு நின்றுவிடும் சிறிய குத்துக்கோடு. மற்ற சொற்கள் எந்தச் சொல்லை விளக்குகின்றனவோ அதன் அடியில் சாய்கோடுகளில் தொங்கும். அடிப்படை இவ்வளவுதான்.

மகள் முகம் சுளிப்பதற்குப் பெரும்பாலும் வாக்கியங்களே காரணம் என்று நினைக்கிறேன். பனிச்சறுக்கும் பண்ணைக் களஞ்சியமும் வரும் வாக்கியங்களை இந்த ஊர்ப் பிள்ளை ஏன் பிரிக்க வேண்டும்? புத்தகத்தை மூடிவிட்டு அவள் பார்த்ததை வைத்து நீங்களே வாக்கியம் சொல்லுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பினாங்கு தாவரவியல் பூங்காவுக்கு அழைத்துப் போங்கள். அங்கே குரங்குகளுக்குப் பஞ்சமில்லை. வீட்டுக்கு வந்ததும் இந்த வாக்கியத்தைக் கொடுங்கள்: ‘த கேர்ள் சேஸ்ட் த மங்கி வித் எ ஸ்டிக்.’

குச்சி யார் கையில் இருந்தது? கேட்டுப் பாருங்கள். சிறுமியின் கையில் என்றுதான் எல்லாப் பிள்ளைகளும் சொல்வார்கள். அப்படியானால் ‘வித் எ ஸ்டிக்’ என்ற தொடரை ‘சேஸ்ட்’ என்ற வினையின் அடியில் தொங்கவிட வேண்டும். குரங்குதான் குச்சியைப் பறித்து வைத்திருந்தது என்றால் அதே தொடர் ‘மங்கி’யின் அடியில் தொங்கும். சொற்கள் மாறவில்லை, வரிசையும் மாறவில்லை. தொங்கும் இடம் மாறியதும் கதையே மாறிவிடுகிறது. என் மகன் இதைக் கண்டுகொண்ட அன்று இரண்டு படங்களையும் வரைந்து, குரங்கின் கையில் குச்சியையும் வரைந்து, குளிர்பதனப்பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தான். கோட்டு முறையின் பயன் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். இன்ன சொல் எதனோடு ஒட்டுகிறது என்று பிள்ளையை யோசிக்க வைப்பதே அதன் வேலை.

இப்போது இதையே தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ‘சிறுமி குச்சியால் குரங்கைத் துரத்தினாள்’ என்பாள். மற்றொன்று ‘குச்சி வைத்திருந்த குரங்கைச் சிறுமி துரத்தினாள்.’ ஆங்கிலத்தில் இருந்த குழப்பம் இங்கே எழவே இல்லை. குச்சியோடு சேர்ந்த ‘ஆல்’ என்ற மூன்றாம் வேற்றுமை உருபு அது துரத்தும் கருவி என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. ‘வைத்திருந்த’ என்ற பெயரெச்சம் நேராகக் குரங்கைப் போய்ப் பிடித்துக்கொள்கிறது. சொற்களை இடம் மாற்றி ‘குரங்கைக் குச்சியால் சிறுமி துரத்தினாள்’ என்றாலும் பொருள் அசையாது. ஆங்கிலம் இடத்தை வைத்துச் செய்வதைத் தமிழ் உருபை வைத்துச் செய்கிறது. அதனால்தான் அந்தக் கோடுகளை இங்கே கொண்டுவர வேண்டாம் என்கிறேன். ‘அவர் மருத்துவர்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரே பயனிலையாக நிற்கிறது. கோட்டில் வினைக்கு ஒதுக்கிய இடத்தில் எதை எழுதுவாள் பிள்ளை?

தமிழுக்குக் கடைசிச் சொல்லிலிருந்து தொடங்குங்கள். துரத்தினாள். யார்? சிறுமி: எழுவாய். எதை? குரங்கை: செயப்படுபொருள். எதனால்? குச்சியால். பயனிலையைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிக் கேள்வி கேட்டுக்கொண்டே போனால் வாக்கியம் தானாக அவிழும். பிறகு அந்த வினையையே பிரிக்கலாம்: துரத்து, இன், ஆள். செயல் முதலில், காலம் நடுவில், ஆள் யாரென்பது கடைசியில். பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று நன்னூல் சொல்லும் ஆறு உறுப்புகளையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். பகுதி, இடைநிலை, விகுதி மூன்றும் பத்து வயதுக்குப் போதும். எழுவாயே இல்லாமல் ‘துரத்தினாள்’ என்ற ஒற்றைச் சொல் எப்படி வாக்கியமாக நிற்கிறது என்பதும் அப்போது அவளுக்கே விளங்கிவிடும்.

ஒற்று மிகுவதும் இங்கேயே பிடிபடும். ‘குரங்கைத் துரத்தினாள்’ என்பதில் ‘த்’ ஏன் வந்தது? இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்படையாக நிற்க, வல்லினம் தொடர்வதால். ‘பள்ளிக்குச் சென்றாள்’ என்பதில் நான்காம் வேற்றுமை. இந்த இரண்டு விதிகளையும் பிசகாமல் எழுதக் கற்றுவிட்டால், பெரியவர்கள் பலர் செய்யும் பிழைகளில் பாதியை அவள் செய்யமாட்டாள்.

இந்த ஊருக்கே உரிய ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கீழே விளையாடும் பிள்ளைகளோடு சேர்ந்ததும் உங்கள் மகள் ‘எஸ்டர்டே ஐ கோ’ என்று பேச ஆரம்பிப்பாள். கடிந்துகொள்ளாதீர்கள். மலாயில் வினைச்சொல் காலத்திற்கேற்ப உருமாறுவதில்லை. ‘டியா’ என்றால் அவனும்தான், அவளும்தான். இங்குள்ள பேச்சு ஆங்கிலத்தில் அந்த வாடை அடிப்பது இயல்பு. அவளுக்குத் தோழிகளைத் தேடித்தருவதும் அந்தப் பேச்சுதான். ஆனால் கோட்டுப் படம் இந்தப் பிழையைக் காட்டிக்கொடுக்காது. ‘ஐ’ எழுவாய் இடத்திலும் ‘கோ’ வினை இடத்திலும் அழகாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். படத்தில் ஒரு குறையும் தெரியாது. அதனால் காலங்களைத் தனியே எழுதிப் பழக்குங்கள். ‘நேற்று என்ன செய்தேன்’ என்று நாளும் நான்கு வரி எழுதினால் போதும்.

கோட்டுப் பாடத்தைப் பத்து நிமிடத்திற்கு மேல் நீட்டாதீர்கள். எழுவாய், வினை, செயப்படுபொருள், அடைமொழி, ‘வித் எ ஸ்டிக்’ போன்ற முன்னிடைச்சொல் தொடர் வரை வந்தால் நல்லது. துணைவாக்கியங்களைப் புள்ளிக்கோட்டால் இணைக்கும் பாடங்களை இன்னும் இரண்டு வருடம் தள்ளிப்போடலாம். பின்னாளில் தனித் தேர்வராக அவள் கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ ஆங்கிலத் தேர்வு எழுதினாலும் அங்கே யாரும் படம் வரையச் சொல்லப்போவதில்லை. வாசித்துப் புரிந்துகொள்வதும் தெளிவாக எழுதுவதும்தான் மதிப்பெண்ணைத் தரும்.

தமிழ்ப் பயிற்சி நூல்களுக்கு ஊருக்குச் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை. 1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கிய மண் இது. மலேசியத் தமிழ்ப்பள்ளிப் பாடநூல்களில் இலக்கணமும் செய்யுள், மொழியணிப் பகுதிகளும் ஆண்டுவாரியாக வகுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு வகுப்பு கீழே இருப்பதை வாங்கித் தொடங்குங்கள். தடையில்லாமல் ஓடினால் மகளுக்கும் தெம்பு வரும். அதில் வரும் பிள்ளைகள் நாசி லெமாக் சாப்பிடுவார்கள், தைப்பூசத்துக்குப் போவார்கள். அவளுக்கும் அது தன் ஊராக மாறிக்கொண்டிருக்கிறது அல்லவா?

வீட்டுக்கல்வி சட்டப்படி சரியா என்ற கவலையும் உங்களுக்கு இருக்கலாம். 2003 முதல் நடப்பில் இருக்கும் கட்டாயத் தொடக்கக் கல்வி மலேசியக் குடிமக்களின் பிள்ளைகளுக்கானது. வேலை அனுமதியில் வந்த உங்கள் குடும்பத்தை அது கட்டாது. ஆனாலும் நாளைக்கே பள்ளியில் சேர்க்க நேர்ந்தால் அவள் என்ன படித்தாள் என்று கேட்பார்கள். அவள் எழுதும் தாள்களுக்குத் தேதி போட்டு, மாதவாரியாகக் கோப்பில் வைத்துவாருங்கள். குரங்குப் படங்களையும் சேர்த்துத்தான்.