முதல் கடல் கயாக் வாங்கப் போகிறேன். சுக்கான் உள்ளதை வாங்கலாமா, இல்லாததையா? எது ஓட்ட எளிது?

"எது எளிது" என்று கேட்டிருப்பதால், ஏரியில் ஓட்டிப் பழகிவிட்டு இப்போது கடலுக்கு வர நினைப்பவர் நீங்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். எளிது சுக்கான் உள்ளதுதான். அந்த எளிமையை நம்பி நான்கு ஆண்டுகளை வீணடித்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் லிவர்பூலில் வசிக்கிறேன். கயாக் ஓட்டுவது பெரும்பாலும் வேல்ஸின் ஆங்கிள்சி தீவுக் கரையோரத்தில். என் முதல் படகு 60 சென்டிமீட்டர் அகலம், மிதியால் திருப்பும் சுக்கான். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் மிதியை அழுத்தினால் படகு நேராகப் போகும். எனக்குக் கயாக் ஓட்டத் தெரியும் என்றே நம்பியிருந்தேன்.

ஒரு செப்டம்பர் நாளில் ட்ரெயார்தர் விரிகுடாவிலிருந்து தெற்கே ரோஸ்கோலின் நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். மேற்கிலிருந்து, அதாவது எங்கள் வலப்பக்கமிருந்து, மணிக்கு 25 கிலோமீட்டர் அளவில் காற்று. திடீரென என் இடது கால் வெறுமையில் போய் இறங்கியது. மிதியோடு இணைந்திருந்த கம்பி, பிரிபிரியாக நைந்து அறுந்திருந்தது. அடுத்த சில நொடிகளில் படகின் முன்முனையான அணியம் காற்றை நோக்கித் திரும்பி அயர்லாந்தைப் பார்த்து நிற்க, படகோ பின்னால் பாறைகள் பக்கம் ஒதுங்கத் தொடங்கியது. வலப்பக்கம் எவ்வளவு துடுப்பு வலித்தும் பயனில்லை. கடைசியில் உடன் வந்தவர் கயிறு கட்டி இழுத்து வந்தார். இழுத்தவருக்கு என்னைவிடப் பதினைந்து வயது கூடுதல்.

முன்னோக்கிப் போகும் கயாக்கின் முன்பக்கத்தை நீர் பிடித்துக்கொள்கிறது. பின்பக்கத்துக்கு அந்தப் பிடிப்பு இல்லாததால் காற்று அதைத் தள்ளிவிட, முகம் காற்றுப் பக்கம் திரும்புகிறது. இதைச் சரிசெய்யும் வழி உடம்பில் இருக்கிறது. வலப்பக்கக் காற்றென்றால் வலது பிட்டத்தில் எடையை வைத்து, இடது முழங்காலால் மேல்தட்டை உயர்த்திப் படகைச் சாய்த்துக்கொண்டு, வலப்பக்கம் அகலமாகத் துடுப்பை வீச வேண்டும். சாய்ந்த படகு சாய்வுக்கு எதிர்ப்பக்கம் திரும்பும். ஆனால் சாய்ப்பதற்குக் கால் ஊன்ற உறுதியான இடம் வேண்டும். என் படகிலோ மிதியே முன்னும் பின்னும் நழுவும். நான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட முழங்காலால் படகை நான் உயர்த்தியதில்லை.

பிறகு பழைய படகொன்றை வாங்கினேன்: 54 சென்டிமீட்டர் அகலம், அடியில் ஏற்றி இறக்கக்கூடிய, ஆனால் பக்கவாட்டில் திரும்பாத சிறு தகடான ஸ்கெக் மட்டும். ஸ்கெக்கை மேலே ஏற்றினால் படகு காற்றை நோக்கித் திரும்பும். முழுவதும் இறக்கினால் காற்றுக்கு முதுகு காட்டும். இடையில் எங்கே நிறுத்துவது என்பதை நாமே தேடிப் பிடிக்க வேண்டும். முதல் மாதம் ஆறுமுறை கவிழ்ந்தேன். இரண்டாம் மாதம் இடுப்பு தானாகவே பதில் சொல்லத் தொடங்கியது.

உடனே சிலர் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். சுக்கான் சோம்பேறிகளுக்கானது என்று நான் சொல்லவில்லை. 2009ஆம் ஆண்டு ஜெர்மானியக் கயாக் வீராங்கனை ஃப்ரேயா ஹாஃப்மைஸ்டர் 332 நாட்களில் ஆஸ்திரேலியாவைத் தனியாகச் சுற்றிவந்தது சுக்கான் பொருத்திய படகில்தான். நாள் முழுவதும் பக்கக் காற்றில் போகிறவருக்கு அது உழைப்பை மிச்சப்படுத்துகிறது. ஆனால் கவிழ்ந்த கயாக்கை விதவிதமாக நிமிர்த்துவதில் பெயரெடுத்தவர் அவர். கைவசம் உள்ள திறனை மிச்சப்படுத்துவது வேறு. அத்திறன் வராமலே தடுத்துக்கொள்வது வேறு.

கடைக்காரர்கள் மீதும் எனக்கொரு மனக்குறை உண்டு. என் எடை 58 கிலோ. எனக்கு விற்கப்பட்ட படகு, 90 கிலோ ஆளும் ஒரு வாரத்துக்கான மூட்டைகளும் ஏறினால்தான் சரியான ஆழத்தில் அமரக்கூடியது. நான் மட்டும் உட்கார்ந்தால் அது காய்ந்த சருகுபோல உயர்ந்து மிதக்கும். காற்றுக்கு அகப்படும் பரப்பும் கூடும். "போகப் போகப் பழகிவிடும்" என்றார்கள். படகுக்கு ஏற்றவாறு வளர்வதற்கு, இந்த வயதில், என் இடுப்புச் சுற்றளவு ஒன்றுதான் மிச்சம். ஆகவே சுக்கானைப் பற்றி விசாரிக்கும் முன், அந்தப் படகு எத்தனை கிலோ ஆளுக்காக வடிவமைக்கப்பட்டது என்று கேளுங்கள். தொடைகள் மேல்தட்டின் அடியில் அழுந்துகின்றனவா என்று உட்கார்ந்தும் பாருங்கள்.

சுக்கான் உள்ள படகுதான் கிடைக்கிறது என்றாலும் வாங்குங்கள். மிதி நழுவாமல், நுனிக்காலால் மட்டும் திருப்பும் வகையாக இருக்கட்டும். என் முதல் படகை நான் இன்னும் விற்கவில்லை. புதிதாகப் பழக வருகிறவர்களுக்கு அதைத்தான் தருகிறேன், சுக்கானை மேல்தட்டோடு ரப்பர் கயிற்றால் இறுகக் கட்டிவிட்டு.