கடலூரில் பழைய கார் வாங்கலாமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு, புதுச்சேரியில் வேலை. கடன் வாங்காமல் நாலு லட்சம் வரை போட முடியும். பழைய கார் வாங்கினால் லாபமா? பிஒய் (புதுச்சேரிப் பதிவு) வண்டி மலிவாக வருகிறதே, எடுக்கலாமா?

பதில்: உங்களுக்குப் பழைய கார்தான் சரி. புதுக் காரின் விலை முதல் சில வருடங்களில்தான் மளமளவென்று இறங்கும். காப்பீட்டுக் கணக்கிலேயே, நாலு வயது தாண்டிய வண்டிக்குப் பாதி விலையைக் கழித்துவிடுகிறார்கள். அந்த நஷ்டம் முதல் உரிமையாளரோடு போய்விடும். ஆயுட்கால சாலை வரியையும் அவரே கட்டியிருப்பார். சொந்தச் சேதத்துக்கான பிரீமியமும் உங்களுக்குக் குறைவு.

பேரத்துக்கு ஒரு குறிப்பு: 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. விற்பவர் தான் கொடுத்த விலையைச் சொல்வார். நீங்கள் இன்றைய ஷோரூம் விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள்.

பிஒய் வண்டியை 12 மாதத்துக்கு மேல் கடலூரில் வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்றியாக வேண்டும். தடையில்லாச் சான்று, வண்டியின் வயதுக்கேற்ற வரி, ஆர்டிஓ அலைச்சல் எல்லாம் சேர்த்தால் அந்த மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும். நானாக இருந்தால் கடலூர்ப் பதிவான டிஎன் 31 வண்டியையே தேடுவேன்.

நம் பக்கத்தில் உண்மையான பயம் வெள்ளம்தான். 2024 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியே மிதந்தது. அடுத்த சில நாளில் தென்பெண்ணை கடலூருக்குள் புகுந்தது. அப்போது மூழ்கிய வண்டியைக் கழுவி பாலிஷ் போட்டால் வெளியே தெரியாது. சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் அதோடு கிளம்பிவிடுங்கள். பெல்ட் மட்டும் புத்தம் புதுசாக இருந்தாலும் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள், ஸ்டெப்னி இருக்கும் குழியில் விரலை விட்டுத் துழாவுங்கள். தண்ணீர் புகுந்த வயரிங் ஆறு மாதம் கழித்துக்கூடக் காலை வாரும். கடற்கரைக் காற்றில் கதவின் கீழ்விளிம்பு துருப்பிடிப்பது தனி. அதையும் குனிந்து பாருங்கள்.

ஆர்சியில் (பதிவுச் சான்றில்) கடன் பதிவு இருந்தால், கடன் தீர்ந்ததற்கான வங்கியின் சான்றும் அந்தப் பதிவை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். அப்புறம், வண்டி கைமாறிய 14 நாளுக்குள் காப்பீட்டை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பழையவரின் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காததற்கான பிரீமியச் சலுகை) உங்களுக்கு வராது, அந்த வித்தியாசத்தைக் கட்ட வேண்டியிருக்கும்.