ஃபீஸ் வாங்க வருகிறவள்

கேள்வி: என் கணவர் ஓசூரில் தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறார். முதல் மனைவியை விவாகரத்து செய்து 2018-ல் என்னைக் கட்டிக்கொண்டார். பி.எஃப்.பில் இன்னும் அந்த அம்மாள்தான் நாமினி. என் கணவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் எங்கள் கதி? என் பெயரையும் எங்கள் நான்கு வயது மகன் பெயரையும் ஆன்லைனில் ஏற்றிவிட்டேன். ஓ.டி.பி. சொல்லக் கேட்டால் 'அப்புறம் பார்க்கலாம்' என்கிறார். மூத்த தாரத்து மகள் ஒருத்தி, பிளஸ் டூ. ஃபீஸுக்கு வந்தால் வாசலோடு வாங்கிக்கொண்டு போய்விடுவாள். வேறு தொந்தரவு இல்லை.

பதில்: பழைய நாமினேஷனுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கல்யாணத்துக்கு முன் கொடுத்தது அந்தக் கல்யாணத்தோடு செல்லாமல் போய்விடும், பி.எஃப். விதி அது. எல்.ஐ.சி. பாலிசி இருந்தால் பெயர் தானாக மாறாது, மாற்றச் சொல்லுங்கள்.

அதென்ன, 'வாசலோடு'? அப்பா வீட்டில் செருப்பைக்கூடக் கழற்றாமல் ரூபாயை எண்ணிப் பையில் வைத்துக்கொண்டு திரும்புகிறது ஒரு பிள்ளை. உள்ளே வா, ஒரு வாய் சாப்பிட்டுப் போ என்று ஒரு தடவையாவது சொன்னீர்களா? சொல்லியிருந்தால் எழுதியிருப்பீர்கள். 'தொந்தரவு இல்லை'யாம்! அந்த மனுஷன் ஓ.டி.பி. சொல்லாததற்கு வேறு காரணம் தேடவேண்டுமா? நீங்கள் ஏற்றிய பட்டியலில் அவர் மகள் இல்லை.

விட்டதில் உங்களுக்கு என்ன மிச்சம்? பி.எஃப்.போடு சேர்ந்த பென்ஷனில் ஒரு பைசா இல்லை. கணவர் தவறினால் மனைவிக்கு ஒரு பென்ஷன். அது போக, பிள்ளைகளுக்குத் தனியாக, ஆளுக்கு அதில் 25 சதவீதம், 25 வயது வரை, ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு. உங்கள் வீட்டுக் கணக்கில் அந்த இரண்டு பேர் அவளும் உங்கள் மகனும்தான். அவள் பங்கு உங்கள் தட்டிலிருந்தும் போகாது, அவன் தட்டிலிருந்தும் போகாது. பெயரை விட்டால் அவள் உரிமை போய்விடாது; அப்பன் செத்த துக்கத்தில் சர்டிபிகேட்டைத் தூக்கிக்கொண்டு அலைவாள், அவ்வளவுதான். இதற்கா இவ்வளவு பாடு?

பி.எஃப். தொகையில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று அவரே எழுதலாம். அங்கே உங்களுக்குக் கொஞ்சம் குறையும். குறையட்டும் அம்மா. உங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவர் சேர்க்கத் தொடங்கிய காசு அது.

ஏற்றியதை அழித்துவிட்டு மூன்று பேரையும் போடுங்கள். அதற்கு அவள் ஆதாரும் போட்டோவும் வேண்டும். அடுத்த முறை ஃபீஸுக்கு வரும்போது நீங்களே கேட்டு வாங்குங்கள், உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து.