பீக்கன் யார் பெயரில் இருக்கிறது?

கேள்வி: என் தம்பியும் அவன் நண்பர்களும் பாத்து மாவுங்கிலிருந்து படகெடுத்து, புலாவ் பேராக் பக்கம் தூண்டில் போடப் போவார்கள். ஆஸ்திரேலியாவில் ஒருவர் பயன்படுத்திய இ.பி.ஐ.ஆர்.பி. அபாய பீக்கன் (கடலில் ஆபத்து வந்தால் செயற்கைக்கோள் வழியே மீட்பு மையத்துக்கு எச்சரிக்கை அனுப்பும் கருவி) இப்போது கிடைத்திருக்கிறது. சோதனை பட்டனை அழுத்தினால் விளக்கு மின்னுகிறது. இதை நம்பிப் போகலாமா?
– வாசகி, பாயான் லெப்பாஸ்

பதில்: இப்போதைக்கு வேண்டாம், அம்மா. விளக்கு மின்னினால் மின்சுற்றும் பேட்டரியும் உயிரோடு இருக்கின்றன என்று பொருள். அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதை விளக்கு சொல்லாது.

பீக்கன் 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு அனுப்புவது உங்கள் தம்பியின் பெயரை அல்ல, 15 எழுத்து அடையாள எண்ணை. அதற்குள் நாட்டுக் குறியீடும் உண்டு: ஆஸ்திரேலியாவுக்கு 503, மலேசியாவுக்கு 533. எச்சரிக்கை வந்ததும் மீட்பு மையம் பதிவேட்டைப் பார்த்து உரிமையாளருக்குத்தான் முதலில் போன் செய்யும். பழைய உரிமையாளர் "அதை விற்றுவிட்டேனே" என்றால், எந்தப் படகு, எத்தனை பேர் என்று விசாரிப்பதிலேயே பொழுது போய்விடும். அந்த நேரம் தண்ணீரில் கிடப்பவர்களுடையது.

எனவே அங்கீகாரம் பெற்ற முகவரிடம் கொடுத்து 533 குறியீட்டுக்கு மாற்றி, படகின் பெயர், நிறம், நீளம், கரையில் இருக்கும் இருவரின் போன் எண்கள் ஆகியவற்றைப் பதிவு செய்யுங்கள். அந்த இருவரில் நீங்களும் ஒருவராக இருந்தால், ஒவ்வொரு முறையும் எத்தனை பேர் போகிறார்கள், எப்போது திரும்புவார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள்.

பேட்டரியின் காலாவதித் தேதியையும் பாருங்கள். அதைச் சேவை மையத்தில்தான் மாற்ற வேண்டும். வீட்டில் திறந்தால் நீர்த்தடுப்பு கெட்டுவிடும். படகு மூழ்கும்போது தானாக விடுபடும் வகையானால், அப்படி விடுவிக்கும் பாகமான நீரழுத்த விடுவிப்பான் 2 ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக வேண்டும். கூரைக்கு அடியில் பொருத்தினால், கவிழ்ந்த படகுக்குள்ளேயே அது சிக்கிக்கொள்ளும். லேபிளில் 121.5 மெகாஹெர்ட்ஸ் மட்டும் இருந்தால் வாங்கவே வேண்டாம். 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் அந்த அலைவரிசையைக் கேட்பதில்லை.

ஆபத்து வந்தால், பீக்கனின் கயிற்றை உயிர்காப்பு உடையிலோ மிதவையிலோ கட்டுங்கள், மூழ்கும் படகில் கட்டாதீர்கள். ஏரியல் வானம் பார்க்க நிற்கட்டும். பேட்டரியை மிச்சப்படுத்த நினைத்து அணைத்து அணைத்துப் போடக்கூடாது. குறைந்தது 48 மணி நேரம் ஓடுமாறுதான் செய்திருக்கிறார்கள்.

கேள்வி: ஈரப் பைக்குள் வைத்திருந்த பீக்கன் தானாகவே மின்னத் தொடங்கியது. பழுதா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: பழுதில்லை. பீக்கனை மாட்டிவைக்கும் தாங்கியில் உள்ள காந்தம்தான் அதை உறங்க வைக்கிறது. தாங்கியிலிருந்து எடுத்து ஈரம் பட்டால், கடலில் விழுந்துவிட்டதாக எண்ணி அது விழித்துக்கொள்ளும். துடைத்து உலர்த்தித் தாங்கியில் மாட்டுங்கள். மின்னுவது நின்றதா என்று பார்த்துவிட்டு, உடனே 999-ஐ அழைத்து, கடல்சார் மீட்பு மையத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் உங்களைத் தேடி ஒரு படகு புறப்படக்கூடும்.