ரேம் போட்டாயிற்று, மெசின் எழும்பவில்லை: லினக்ஸ் கேள்வி-பதில்

ஐயா, என்னுடையது நான்காம் தலைமுறை ஐ5 லெப்டொப். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் பாவிக்கிறேன். கொழும்பில் ஒரு கடையில் பாவித்த 8 ஜிபி ரேம் வாங்கி, பழைய 4 ஜிபியைக் கழற்றிவிட்டுப் போட்டேன். திரை கறுப்பாகவே கிடக்கிறது. கெப்ஸ் லொக் விளக்கு மட்டும் மினுங்குகிறது. மின்டைத் திரும்ப இன்ஸ்டோல் பண்ண வேண்டுமா?
— ஆசிரியை, ஹட்டன்

வேண்டாம் டீச்சர், மின்டில் கை வைக்காதீர்கள். கம்பெனி லோகோகூட வரவில்லையென்றால் லினக்ஸின் முறை இன்னும் வரவேயில்லை. கோளாறு அதற்கு முந்திய இடத்தில். முதலில் பழைய ரேமைப் போட்டுப் பாருங்கள். எழும்பினால் மதர்போர்ட் நன்றாகத்தான் இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை.

அடுத்து, புதிய ரேமின் ஸ்டிக்கரை வெளிச்சத்தில் பிடித்து வாசியுங்கள். ‘பிசி3எல்’ என்று இருக்கிறதா, வெறும் ‘பிசி3’ தானா? நான்காம் தலைமுறை இன்டெல் லெப்டொப்களுக்கு 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் ரேம்தான் வேண்டும். சாதாரண டிடிஆர்3 ஓடுவது 1.5 வோல்ட்டில். இரண்டிலும் 204 பின் (உலோகத் தொடுமுனை), நடுவிலுள்ள வெட்டும் ஒரே இடத்தில். அதனால் ஸ்லொட்டில் அழகாக உட்காரும். மெசின் மட்டும் எழும்பாது. கடைக்காரரிடம் “8 ஜிபி டிடிஆர்3” என்று மட்டும் கேட்டால் எது கைக்கு வருமென்று சொல்ல முடியாது. பழைய ரேமையே கையில் கொண்டுபோய்க் காட்டி, அந்த ‘எல்’ எழுத்தைப் பார்த்து மாற்றி வாங்குங்கள். டிடிஆர்4 என்றால் 260 பின், வெட்டும் வேறிடத்தில். அது உள்ளேயே போகாது, அழுத்திப் பார்க்கவும் கூடாது.

‘எல்’ இருந்தும் எழும்பவில்லையென்றால், அநேகமாக ரேம் முழுதாக உட்காரவில்லை. சார்ஜரையும் பெட்டரியையும் கழற்றி, பவர் பொத்தானைச் சில வினாடி அமர்த்திப் பிடியுங்கள். ரேமைச் சாய்வாகப் பிடித்து, தங்க நிறப் பட்டை கிட்டத்தட்ட மறையும்வரை தள்ளிவிட்டுப் பிறகுதான் கீழே அமர்த்த வேண்டும். இரண்டு பக்கக் கிளிப்பும் ‘டிக்’ என்று பூட்டும். ஒரு பக்கம் மட்டும் பூட்டியிருந்தால் இந்தக் கறுப்புத் திரைதான் வரும். நம் பக்கத்து ஈரத்தில் அந்தப் பட்டை மங்கிப்போவதும் உண்டு. சுத்தமான அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டுப் போடுங்கள். முதல் முறை ஒன்றிரண்டு நிமிடம் பொறுத்திருங்கள். புதிய ரேமை அறிந்துகொள்ளச் சில மெசின்கள் நேரம் எடுக்கும். அதற்குள் பவரை அமர்த்தி நிறுத்திவிடாதீர்கள்.

அண்ணா, 8 ஜிபியுடன் இன்னொரு 8 ஜிபி சேர்த்தேன். ரேம் அளவைக் காட்டும் ‘ஃப்ரீ’ கட்டளை 15 சொச்சம்தான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
— உயர்தர மாணவர், தலவாக்கலை

இல்லை தம்பி. போர்டிலேயே இருக்கும் கிராஃபிக்ஸ் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலும் கொஞ்சம் ஒதுக்கி வைக்கிறது. 7.6 என்று காட்டியிருந்தால்தான் ஒரு ரேம் கண்ணில் படவில்லை என்று அர்த்தம். அப்போது ‘சுடோ டிமிடிகோட் -டி மெமரி’ அடித்தால் ஒவ்வொரு ஸ்லொட்டிலும் என்ன இருக்கிறதென்று தனித்தனியாக வரும். 3 சொச்சத்தில் நின்றுவிட்டால் 32 பிட் லினக்ஸா என்று பாருங்கள்.

4 ஜிபியை 16 ஆக்கியதிலிருந்து ஹைபர்னேட் (திறந்திருப்பதை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு மெசினை நிறுத்துவது) ஒழுங்காக வேலை செய்வதில்லை. சில நாள் சரியாக வருகிறது, சில நாள் எல்லாம் அழிந்து புதிதாக எழும்புகிறது. இங்கே அடிக்கடி கரண்ட் போவதால் எனக்கு இது கட்டாயம் வேண்டும். உபுண்டு பாவிக்கிறேன்.
— வீட்டிலிருந்து ஒன்லைன் வேலை செய்பவர், பண்டாரவளை

இந்தக் கேள்வியை எழுதியதற்கு நன்றி. ரேம் கூட்டும் பலர் கவனிக்காமல் விடும் இடம் இது. ஹைபர்னேட் ஆகும்போது ரேமில் உள்ளதை லினக்ஸ், டிஸ்க்கில் ஒதுக்கியிருக்கும் ஸ்வொப் என்ற இடத்தில் எழுதி வைக்கிறது. நீங்கள் ரேமைக் கூட்டினீர்கள், ஸ்வொப் 4 ஜிபிக்கு ஏற்ற பழைய அளவிலேயே நிற்கிறது. எழுதும் அளவை ரேமில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்குக்குள் அடக்கத்தான் கெர்னல் பார்க்கும். 16 ஜிபிக்கு அது 6 ஜிபிக்கு மேல். குறைவாகத் திறந்து வைத்திருந்த நாளில் அது சின்ன ஸ்வொப்புக்குள்ளும் அடங்கிவிடும். பிரவுசரில் நிறைய டெப் திறந்த நாளில் அடங்காது. “சில நாள்” என்பதன் காரணம் இதுதான்.

ஸ்வொப் ஃபைலை ரேமுக்குச் சமமாகவோ கொஞ்சம் கூட்டியோ புதிதாகச் செய்யுங்கள். ‘ஸ்வொப்ஓஃப்’ கொடுத்துப் பழையதை நீக்கி, ‘ஃபாலொகேட்’ மூலம் 17 ஜிபி ஃபைல் ஒன்றை உண்டாக்கி, அனுமதியை 600 ஆக்கி, ‘எம்கேஸ்வொப்’, ‘ஸ்வொப்ஓன்’ என்று வரிசையாகப் போங்கள். இது ஈஎக்ஸ்டி4 என்ற கோப்பு அமைப்புள்ள டிஸ்க்குக்கான முறை. இதோடு நின்றுவிடாதீர்கள். புதிய ஃபைல் டிஸ்க்கில் வேறிடத்தில் இருப்பதால், லினக்ஸை எழுப்பிவிடும் கிரப்பில் எழுதியிருக்கும் ‘ரெசியூம் ஒஃப்செட்’ எண் (ஃபைல் தொடங்கும் இடம்) இப்போது பிழை. ‘ஃபைல்ஃப்ரெக் -வி’ அடித்து, முதல் வரியின் ‘பிசிக்கல் ஒஃப்செட்’டில் வரும் முதல் எண்ணை அங்கே மாற்றி எழுதி, ‘அப்டேட் கிரப்’ கொடுங்கள். செக்கியூர் பூட் (மெசின் எழும்பும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் ஓடவிடும் பாதுகாப்பு) போட்டிருந்தால் உபுண்டுவின் கெர்னல் ஹைபர்னேட்டைத் தடுத்துவிடும், அதையும் பாருங்கள்.

ஹைபர்னேட் ஆன மெசினுக்குக் கரண்டே தேவையில்லை. சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி மின்னல் நேரத்தில் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். ரேம் மாற்றுவதானால் ஹைபர்னேட்டில் இருக்கும்போது திறக்க வேண்டாம், முழுதாக நிறுத்திவிட்டுத் திறவுங்கள்.

ரேம் மாற்றியபின் லெப்டொப் திடீரென்று உறைகிறது. பிரவுசர் தானாக மூடுகிறது. காலையில்தான் அதிகம்.
— நுவரெலியா

முதலில் வேலைக் கோப்புகள், படங்கள் எதையும் அந்த மெசினில் நகர்த்தாதீர்கள், அப்டேட்டும் போடாதீர்கள். பழுதான ரேம் வழியாகப் போகும் கோப்பு சத்தமில்லாமல் கெட்டு டிஸ்க்கில் பதிந்துவிடும். கெர்னலின் பதிவுகளைக் காட்டும் ‘ஜேர்னல்சிடிஎல் -கே’ அடித்துப் பாருங்கள். ‘அவுட் ஒஃப் மெமரி’ என்று இருந்தால் ரேமில் இடம் போதவில்லை என்று அர்த்தம், அநேகமாகப் பழுதில்லை.

அது இல்லையென்றால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஓட்டுங்கள். 2022இல் வந்த 6ஆம் பதிப்பிலிருந்து யூஇஎஃப்ஐ முறையில் எழும்பும் புதிய மெசின்களிலும் ஓடுகிறது. செக்கியூர் பூட் தடுத்தால் தற்காலிகமாக நிறுத்துங்கள். ஓர் இரவு முழுக்க ஓடட்டும். சிவப்பு வரி ஒன்று வந்தாலும் போதும், ஏதோ பிழை இருக்கிறது. இரண்டு ரேம் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள், பிறகு மற்றதை அதே ஸ்லொட்டில் போட்டு ஓட்டுங்கள். பிழை ரேமோடு போகிறதா, ஸ்லொட்டோடு நிற்கிறதா என்று தெரிந்துவிடும். ஸ்லொட் என்றால் புது ரேம் வாங்கிக் காசை வீணாக்காதீர்கள்.

காலையில் மட்டும் என்பதையும் சும்மா விட முடியாது. உங்கள் ஊர் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. விறைத்துப்போன லெப்டொப்பை அடுப்பெரியும் அறைக்குள் கொண்டுவந்தால் உள்ளே நீர் பூக்கும். பையிலேயே வைத்து அறைச் சூட்டுக்கு வரவிட்டு, பிறகு போடுங்கள்.

டிமிடிகோட் ‘மெக்சிமம் கெபாசிட்டி 16 ஜிபி’ என்கிறது. 32 போடலாமா?
— பதுளை

அந்த எண்ணை, மெசினை முதலில் எழுப்பும் பயோஸ் சொல்கிறது, அது பல மெசின்களில் பிழையாக இருக்கும். உங்கள் மொடலுக்கான கம்பெனிக் கையேட்டைப் பாருங்கள். ரேம் வகை ‘எல்பிடிடிஆர்’ என்று வந்தால் அது பெரும்பாலும் போர்டோடு ஒட்டியது, கழற்ற முடியாது. இரண்டு ரேமின் வேகம் வேறாக இருந்தால் பெரும்பாலும் இரண்டும் குறைந்த வேகத்தில் ஓடும். அதில் ஆபத்தில்லை.