வலஞ்சுழி, இடஞ்சுழி

அன்புள்ள ஐயா,

மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கிறேன். ரோபாட்டிக்ஸில் எம்.டெக். சேர்வதா, சென்னை ஐ.ஐ.டி. போன்ற இடத்தில் ஆராய்ச்சிவழி எம்.எஸ். சேர்வதா என்று குழப்பம். நான் செய்த இருசக்கர ரோபோவில் லைடார் (லேசரால் தூரம் அளக்கும் சென்சார்) வைத்து வரைபடம் எடுத்தால் நேரான காரிடார் வளைந்து வருகிறது. நியூரல் நெட்வொர்க்கால் இதைச் சரிசெய்வதையே தீசிஸ் தலைப்பாகச் சொல்லலாமா? ரோபோக்களுக்கான மென்பொருள் கட்டமைப்பில் ரோஸ் 1 தெரிந்தால் போதுமா?

நித்யா

அன்புள்ள நித்யா,

ரோஸ் 1 வேண்டாம். அதன் கடைசிப் பதிப்புக்கு 2025 மே மாதத்தோடு ஆதரவு முடிந்துவிட்டது. எம்.எஸ்.ஸில் பாடங்கள் சில, மிச்சமெல்லாம் தீசிஸ்; இரண்டு ஆண்டு என்று நினைத்துச் சேர்ந்தால் மூன்றாவதுக்கும் நீளும். சேருமுன் அந்த லேபில் அண்மையில் முடித்தவர்களின் தீசிஸ் இரண்டையாவது படியுங்கள்.

அளக்காமலே திருத்தக் கிளம்பும் பழக்கத்தைப் பற்றி எழுத நினைத்திருந்த நேரத்தில் உங்கள் காரிடார் வந்து சேர்ந்தது. லைடாரைச் சந்தேகிக்குமுன் சக்கரத்தைப் பார்த்தீர்களா? கடிதத்தில் ஓர் அளவுகூட இல்லையே!

65 மி.மீ. சக்கரங்கள், இடைவெளி 300 மி.மீ. என்று வையுங்கள். ஒன்றின் விட்டம் 0.65 மி.மீ. கூடினால் போதும்: 4 மீட்டர் போவதற்குள் அது 4 செ.மீ. அதிகம் ஓடும், ரோபோ ஏழரை டிகிரி திரும்பிவிடும், பக்கவாட்டில் 27 செ.மீ. விலகும். சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றியது என்று மட்டும் எண்ணும் என்கோடருக்கு இது தெரியவே தெரியாது. அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் ரோபோ தன் இடத்தைக் கணிக்கிறது; கணிப்பு வளைந்தால் வரைபடமும் வளையும். பேட்டரியை ஒரு பக்கமாகக் கட்டினாலே அந்தப் பக்க ரப்பர் அமுங்கி விட்டம் குறையும். உங்கள் நெட்வொர்க் அரும்பாடுபட்டுக் கற்கப்போவது பேட்டரி இருக்கும் இடத்தைத்தான். பேட்டரியை நகர்த்தினால் மறுபடி பயிற்சி.

இரண்டாவது பிழை சக்கர இடைவெளி. டயர் தரையைப் புள்ளியாக அல்ல, பட்டையாகத் தொடுகிறது. ஸ்கேலில் அளந்த 300 திரும்பும்போது 300 அல்ல. 90 டிகிரி என்று நினைத்தது 88 ஆகலாம், 92 ஆகலாம்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் போரன்ஸ்டீனும் ஃபெங்கும் 1990களில் இதற்கென்றே யூஎம்பிமார்க் என்ற சோதனையை வகுத்தார்கள். லைடாரை அணையுங்கள். 4 மீட்டர் சதுரத்தை மெதுவாக, வழுக்காமல், வலஞ்சுழியாக 5 முறையும் இடஞ்சுழியாக 5 முறையும் சுற்றவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ரோபோ தான் இருப்பதாகச் சொல்லும் இடத்துக்கும் உண்மையில் நிற்கும் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறியுங்கள்.

இரண்டு பக்கமும் சுற்றியே ஆக வேண்டும். விட்டப் பிழை எப்போதும் ஒரே பக்கம் இழுக்கும். இடைவெளிப் பிழை திருப்பத்தின் திசையோடு சேர்ந்து மாறும். ஆகவே ஒரு சுற்றில் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, ரோபோ கிளம்பிய இடத்துக்கே கச்சிதமாக வந்து நிற்கலாம். அதை நம்பி நிறுத்திவிடாதீர்கள். எதிர்ச்சுற்றில் இரண்டும் கூடும்.

ஐந்து புள்ளிகளும் ஓரிடத்தில் குவிந்து, தொடங்கிய இடத்திலிருந்து மட்டும் தள்ளி விழுந்தால், நிரலில் விட்டம், இடைவெளி என்ற இரண்டு எண்களை மாற்றினால் தீர்ந்தது. அதற்குத் தீசிஸ் எதற்கு? சிதறி விழுந்தால் காரணம் தரையும் வழுக்கலும். எந்த எண்ணும் அதைத் தீர்க்காது. நீங்கள் கேட்ட தலைப்பு அந்தச் சிதறலுக்குள் இருக்கலாம்.

பத்துச் சுற்றின் அளவுகளையும் அனுப்புங்கள். பேட்டரி எந்தப் பக்கம் என்பதையும் எழுதுங்கள்.