பிரபலமான போர் நூல்களில் வருவதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

நாள், இடம், படைப்பிரிவுப் பெயர் எல்லாம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சறுக்குவது எண்ணிக்கையிலும், "அந்த நொடியில்" என்று தொடங்கும் காட்சிகளிலும்தான்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் அமெரிக்காவிடம் தோற்ற மிட்வே கடற்சண்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1942 ஜூன் 4 காலையில் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களின் மேல்தளம் முழுக்கத் தாக்குதல் விமானங்கள் கிளம்பத் தயாராக நின்றன, இன்னும் ஐந்தே நிமிடம் கிடைத்திருந்தால் கதையே மாறியிருக்கும் என்று ஜப்பானியக் கடற்படை அதிகாரி மிட்சுவோ ஃபுச்சிடா எழுதினார். அவர் அன்று அகாகி கப்பலிலேயே இருந்தவர், அதனால் பல பத்தாண்டுகள் எல்லாரும் அதை அப்படியே நகலெடுத்தார்கள். 2005-இல் பார்ஷல், டல்லி என்ற ஆய்வாளர்கள் இருவரும் கப்பல்களின் விமான இயக்கப் பதிவேடுகளைப் பார்த்தால், அந்த நேரத்தில் தளங்களில் காவல் போர்விமானங்கள் இறங்குவதும் ஏறுவதுமாக இருக்கிறது. தாக்குதல் விமானங்களில் பெரும்பாலானவை கீழே கொட்டகைத் தளத்தில்தான். நேரில் பார்த்த சாட்சி என்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது, அதுவும் தோற்ற தரப்பின் அதிகாரி என்றால் இன்னும் கொஞ்சம் உஷாராகத்தான் படிக்கணும்.

இன்னொரு வகை, சக வீரர்களின் நினைவை மட்டும் நம்புவது. அமெரிக்க வீரர் ஆல்பர்ட் பிளைத் பிரான்சின் நார்மண்டியில் பட்ட காயத்திலிருந்து மீளவே இல்லை என்று வரலாற்றாசிரியர் ஸ்டீபன் ஆம்ப்ரோஸ் எழுதினார். ஆனால் மனுஷன் ராணுவத்திலேயே தொடர்ந்து, 1967 வரை உயிரோடு இருந்தார்!

நான் முதலில் பின்குறிப்புகளைத்தான் புரட்டுவேன். எதிரித் தரப்பின் ஆவணம் ஒன்றுகூட இல்லாமல் "எதிரிகள் 500 பேர் செத்தார்கள்" என்றிருந்தால், அந்த எண்ணை நம்ப மாட்டேன்.